சீட்டை எண்ணினால் காசு வருமா?

2025 மாசிக் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தபோது சின்னம்மா மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு சந்தேகம் கேட்டான். மண்டைக்காட்டில் கொடை நாள்களில் தனியாகப் பேச இடம் கிடைப்பதே பெரிய காரியம். கோவில் முற்றத்தில் இருந்து கடற்கரை வரை பொங்கல் அடுப்புதான், புகைதான். கடைசியில் ஒரு தென்னந்தோப்புக்குள் போய் நின்றோம்.

"எண்ணே, அமெரிக்காவுல சீட்டை எண்ணி களிச்சே கோடி கோடியா அடிச்சிருக்கானுவளாம். நானும் அப்படித்தான் ரம்மி களிக்கேன். எறங்குன சீட்டு பூரா மனசுல இருக்கும். ஆனா காசு நிக்க மாட்டேங்கு. ஏன்?"

எங்கள் பக்கம் சீட்டு 'விளையாடுவது' கிடையாது, 'களிப்பது'தான். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர், அந்தப் பேச்சு இன்னும் போகவில்லை. அவன் கேட்டது வேடிக்கைக் கேள்வி இல்லை. செல்போன் ரம்மியில் பணம் விட்டிருந்தான். வீட்டுக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்கப்புறம் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அமெரிக்கக் கதை. பிளாக்ஜாக் என்பது இருபத்தொன்றைத் தாண்டாமல் அதற்குப் பக்கத்தில் போகும் ஆட்டம். நமக்கு எதிரே இருப்பது கடைக்காரனே, அதாவது காசினோவின் டீலர். டீலருக்குச் சொந்த புத்தி கிடையாது. 16 வரை கட்டாயம் சீட்டு எடுக்கணும், 17-ல் நிற்கணும். 1956-ல் அமெரிக்க ராணுவத்தின் அபெர்டீன் சோதனைத் தளத்தில் வேலை பார்த்த பால்ட்வின், கேன்டி, மைசல், மெக்டெர்மட் என்ற நாலு பேர் மேசைக் கணக்குப் பொறியை வைத்துக்கொண்டு, எந்தக் கையில் எடுக்கலாம், எதில் நிற்கலாம் என்று முழுசாகக் கணக்குப் போட்டு ஒரு புள்ளியியல் இதழில் வெளியிட்டார்கள். அவர்கள் கணக்குப்படி ஒழுங்காக ஆடினால் கடைக்காரனுக்குக் கிடைப்பது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு.

இதைப் படித்த எட்வர்ட் தோர்ப் என்ற கணித ஆசிரியருக்கு வேறொரு யோசனை வந்தது. ஒரு கை முடிந்து அந்தச் சீட்டுகள் ஒதுக்கப்பட்டால் மீதிக் கட்டு பழைய கட்டு இல்லையே? எம்.ஐ.டி.யின் ஐ.பி.எம். 704 கணினியில் ஒவ்வொரு எண்ணாகக் கட்டிலிருந்து நீக்கிப் பார்த்தார். நாலு அஞ்சும் வெளியே போய்விட்டால் ஆடுபவனுக்கு 3 சதவீதத்துக்கு மேல் சாதகம் என்று வந்தது. பத்தும் ஏஸும் மிச்சம் நிறைய இருந்தால் நமக்கு நல்லது, சின்னச் சீட்டு நிறைய இருந்தால் டீலருக்கு நல்லது. காரணம் எளிது. 12, 13-ல் நாம் நின்றுகொள்ளலாம். டீலர் நிற்க முடியாது, எடுத்தே தீரணும், எடுத்துப் பெரிய சீட்டு வந்தால் கவிழ்வான். போதாததற்கு ஏஸும் பத்துமாக முதல் கையிலேயே 21 வந்தால் நமக்கு ஒன்றரை மடங்கு, அவனுக்கு அந்தச் சலுகை இல்லை.

1961-ல் கட்டுரை, 1962-ல் புத்தகம். நடுவில் இரண்டு பணக்காரர்கள் முதல் போட, நெவாடாவில் போய் ஆடிப் பார்த்து 10,000 டாலரை 21,000 ஆக்கியதாக அவரே எழுதியிருக்கிறார். பிறகு வந்த எளிய முறையில் 2 முதல் 6 வரை இறங்கினால் ஒன்று கூட்டு, 10 முதல் ஏஸ் வரை இறங்கினால் ஒன்று கழி, 7, 8, 9-ஐ விட்டுவிடு. வரும் எண்ணை மீதியிருக்கும் கட்டுகளால் வகுத்து, அது ஏறும்போது பந்தயத்தை ஏற்று. அவ்வளவுதான். எல்லாச் சீட்டையும் மனப்பாடம் செய்யும் வித்தை எதுவும் கிடையாது.

ஆக, சாதகம் உண்டு. ஆனால் எவ்வளவு? நன்றாகப் பழகினவனுக்கு ஒரு சதவீதம் போல. நூறு ரூபாய் பந்தயத்துக்குச் சராசரி ஒரு ரூபாய். ஒரே அளவில் நூறு நூறு ரூபாயாக 10,000 கை ஆடினால் எதிர்பார்க்கக்கூடிய லாபம் 10,000 ரூபாய். அதன் ஏற்ற இறக்கம் 11,500 ரூபாய் அளவுக்கு இருக்கும். அதாவது எல்லாம் சரியாகச் செய்தும், மணிக்கு 80 கை வீதம் 125 மணி நேரம் கண்ணெரிய உட்கார்ந்தும், அஞ்சு பேரில் ஒருத்தன் நஷ்டத்தோடுதான் எழுந்திருப்பான். அமெரிக்காவில் குழுவாகச் சேர்ந்து, வெளி முதலீடு வாங்கி ஆடியதற்கு இதுதான் காரணம். தனி ஆளின் கைக்காசு அந்தப் பள்ளத்தைத் தாங்காது.

காசினோக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1964 ஏப்ரலில் லாஸ் வேகஸில் விதிகளை இறுக்கினார்கள். சாதாரண ஆட்டக்காரர்களும் வராமல் போகவே சில வாரத்தில் பழையபடி தளர்த்தினார்கள். பிறகு ஒரு கட்டுக்குப் பதில் ஆறு, எட்டுக் கட்டு, நடுவிலேயே கலைப்பது, ஒன்றரை மடங்குக்குப் பதில் அஞ்சுக்கு ஆறு என்று குறைப்பது. இந்தக் கடைசி ஒன்றே எண்ணுபவனின் ஒரு சதவீதத்தைத் தின்றுவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, எண்ணுகிறான் என்று தெரிந்தால் வெளியே போகச் சொல்வது. கென் உஸ்டன் என்பவர் இதை எதிர்த்து வழக்காடி 1982-ல் நியூஜெர்சியில் ஜெயித்தார். நெவாடாவில் இன்றும் வெளியேற்றலாம். செல்போனில் வரும் பிளாக்ஜாக்கில் ஒவ்வொரு கைக்கும் கட்டு புதிதாகக் கலைக்கப்படுவதால் எண்ணி ஒரு பிரயோஜனமும் இல்லை.

எண்ணி ஜெயிப்பது நமக்குப் புதுசும் இல்லை. வனபர்வத்தில் நளன் கதை வருகிறதே. இருதுபன்னன் தேரில் போகிறபோதே ஒரு தான்றி மரத்தின் இலையையும் காயையும் பார்வையிலேயே கணக்குச் சொல்வான். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்ப்பான், சரியாக இருக்கும். அந்த வித்தையைக் கற்றபிறகுதான் நளன் போய்ப் புட்கரனை ஜெயிக்கிறான். அந்தக் காலத்துச் சூதாட்டக் காயே தான்றிக் கொட்டைதான். இயன் ஹாக்கிங் என்ற தத்துவவாதி நிகழ்தகவின் வரலாறு எழுதும்போது இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்.

எங்கள் ஊர்ச் சீட்டு இருபத்தெட்டு. ஜாக்கிக்கு மூணு, ஒன்பதுக்கு ரெண்டு, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொண்ணு. மொத்தம் 28. முப்பத்திரண்டு சீட்டு, நாலு பேர், ஆளுக்கு எட்டு. யாழ்ப்பாணத்தில் இதன் சொந்தக்காரனான முந்நூற்றுநாலு ஆடுகிறார்கள், அங்கேயும் ஜாக்கிதான் ராஜா. ஜாக்கியும் ஒன்பதும் உசந்து நிற்பது டச்சுக்காரர்களின் பழைய ஆட்டங்களில் இருக்கும் குணம், அவர்கள் வழியாக வந்திருக்கலாம் என்று சீட்டாட்ட வரலாறு எழுதுகிறவர்கள் ஊகிக்கிறார்கள். 1741-ல் டச்சுக்காரர்கள் மார்த்தாண்டவர்மாவிடம் தோற்றது எங்களுக்குப் பக்கத்துக் குளச்சலில். சீட்டை அந்த வழக்கில் சேர்க்க எனக்கு ஆதாரம் எதுவும் இல்லை, ஆசைதான்.

இந்த ஆட்டத்தில் எண்ணாதவன் ஆளே இல்லை. நாலு ஜாக்கியில் எது வந்தாச்சு, துருப்பு எத்தனை வெளியே என்று திண்ணையில் இருக்கிற ஒவ்வொரு பெரியப்பாவுக்கும் தெரியும். தோத்தவன் காதில் குணுக்கு. காசு கிடையாது, கடைக்காரனும் கிடையாது.

இனி ரம்மி. செகந்தராபாத்தில் ஒரு கிளப்பில் பணம் வைத்து ரம்மி ஆடியதற்காகப் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1967 நவம்பர் 22-ல் நீதிபதி ஹிதாயத்துல்லா எழுதிய தீர்ப்பு, ரம்மி முழுக்க அதிர்ஷ்டம் இல்லை, மூணு சீட்டு மாதிரி இல்லை என்றது. சொன்ன காரணம் நம் விஷயத்துக்கு முக்கியம்: இறங்குகிற சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது எதை விடுவது என்பதற்குத் திறமை வேண்டும். தோர்ப் புத்தகம் வந்து அஞ்சு வருஷம்தான் ஆகியிருந்தது. அங்கே எந்த ஞாபகசக்திக்காக ஆளை வெளியே தள்ளினார்களோ, இங்கே அதே ஞாபகசக்திதான் ஆட்டத்தைச் சட்டத்துக்கு உள்ளே கொண்டுவந்தது!

இது முரண் போலத் தெரியும். பிளாக்ஜாக்கில் நீ எண்ணினால் நஷ்டப்படுவது கடைக்காரன். ரம்மியில் நீ எண்ணினால் நஷ்டப்படுவது பக்கத்தில் இருப்பவன், கடைக்காரனுக்கு யார் ஜெயித்தாலும் பங்கு உண்டு. அதனால்தான் ரம்மி நிறுவனங்கள் 'திறமை, திறமை' என்று விளம்பரம் செய்ய முடிந்தது. ஒரு காசினோ அப்படி விளம்பரம் செய்யுமா? அந்த 1967 தீர்ப்பிலேயே இன்னொரு வரி உண்டு, ஆட்டத்திலிருந்து கிளப் நடத்துபவன் லாபம் எடுத்தால் அது குற்றமாகலாம் என்று. அதை யாரும் விளம்பரத்தில் போடவில்லை.

தம்பிக்கு நான் அப்போதே போட்டுக் காட்டியிருக்க வேண்டிய கணக்கு இது. ஆறு பேர் நூறு நூறு ரூபாய் போட்டால் 600. நிறுவனம் பத்து சதவீதம் எடுக்கிறது என்று வைப்போம். ஜெயித்தவனுக்கு 540. சமமான ஆட்டக்காரன் ஆறில் ஒரு தடவை ஜெயிப்பான், அப்படி ஜெயித்தால் ஆட்டத்துக்குப் பத்து ரூபாய் நஷ்டம். கைக்காசு போகாமல் நிற்பதற்கே மற்றவர்களைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக ஜெயிக்கணும். 2023 அக்டோபர் 1 முதல் கட்டிய பணத்துக்கு அப்போது 28 சதவீத ஜி.எஸ்.டி. வேறு இருந்தது. அவன் எண்ணுவது பொய்யில்லை. எதிரே இருக்கிற அஞ்சு பேரும் எண்ணுகிறார்கள். நல்லா எண்ணத் தெரியாதவன் சீக்கிரம் பணம் தீர்ந்து போய்விடுவான், மிஞ்சுவது எண்ணுகிறவர்கள்தான். பிறகு திறமை ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், கமிஷன் மட்டும் நிற்கும்.

தமிழ்நாட்டில் இந்த வழக்கு நடந்த விதம் ஒரு தனிக் கதை. தற்கொலைகள் செய்தியாகிக்கொண்டே இருந்தன. 2020 நவம்பரில் அவசரச் சட்டம், 2021-ல் சட்டம். 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022-ல் நீதிபதி சந்துரு குழு, மறுபடி சட்ட மசோதா, ஆளுநர் திருப்பி அனுப்பி, பேரவை மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல். அதே வருஷம் நவம்பர் 9-ல் நீதிமன்றம் சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம், அந்தத் தடை அவற்றுக்குப் பொருந்தாது என்றது. 1967-ன் அந்த 'நினைவில் வைக்க வேண்டும்' தொடர்ந்து வேலை செய்துகொண்டே இருந்தது. 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக்கூடாது என்ற விதி வந்தது. தோப்பில் நின்றபோது தம்பி அதற்கும் குறைப்பட்டான். "ராத்திரிதான் எண்ணே மூளை தெளிவா இருக்கும்."

கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் போட்ட சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே கேட்கவில்லை. இணையத்தில் பணம் கட்டி ஆடுவது எதுவானாலும் தடை. எனக்கு அதில் முழு சம்மதமா என்று கேட்டால், அறுபது வருஷமாகக் கேட்ட கேள்வி தப்பு என்பதில் மட்டும் சம்மதம். யார் கூட ஆடுகிறோம், நடுவில் எடுப்பது யார் என்று கேட்டிருக்கணும்.

அதற்குப் பிறகு தம்பி தன் பேங்க் கணக்கை என்னிடம் அனுப்பினான். ஒரு ராத்திரி உட்கார்ந்து கூட்டினேன். பதினாலு மாசத்தில் உள்ளே போனது 3,86,500. திரும்பி வந்தது 2,11,200. அவன் தன் மனசில் வைத்திருந்த நஷ்டக் கணக்கு 'ஒரு அம்பதாயிரம் இருக்கும்'. இறங்கின சீட்டு ஒவ்வொன்றையும் ஞாபகம் வைத்தவன்!

சட்டம் வந்தபின் ஆட்டக் கணக்கில் மிச்சம் கிடந்த 412 ரூபாய் திரும்ப வந்ததாம். சின்னம்மாவிடம் சொல்லியாச்சு. கடனில் பாதி இன்னும் இருக்கிறது, மாசாமாசம் கட்டுகிறான். போன தடவை ஊரில் திண்ணையில் இருபத்தெட்டு களித்தோம். கடைசி ரெண்டு பிடி இருக்கும்போது, "டைமன் ஒன்பது ஒங்க கையிலதான எண்ணே இருக்கு" என்றான். இருந்தது.