வாஷரும் சென்னைப் பட்டறையும்

2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு இணைந்த பாலவாக்கத்தைக் கடந்து, மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் பேருந்துகளும் பாரவண்டிகளும், திருவான்மியூருக்கும் நீலாங்கரைக்கும் இடைப்பட்ட சிறு தூரத்துக்குள் நின்றும் நகர்ந்தும் எத்தனை முறை கியர் மாற்றுகின்றன என்பதைப் பிரயாணிகள் கவனிப்பதில்லை. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பற்சக்கரங்களின் பக்கவாட்டு நெருக்கத்தை ஏற்றுக்கொண்டு, அவை ஒன்றோடொன்று உரசித் தேயாதபடி இடையில் நின்று காப்பது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஓர் உலோக வளையம். அதற்குப் பட்டறையில் த்ரஸ்ட் வாஷர் என்று பெயர். இவ்வளையம் நம் நகரத்துத் தொழிலாளருக்கு அளவையின் அருமையைக் கற்பித்த வரலாறு இன்னும் எழுதப்படவில்லை என்பது என் அபிப்பிராயம்.

1840-இல் தொடங்கிய சிம்சன் ஸ்தாபனத்தில் சாமுவேல் ஜான் கிரீன் 1903-இல் கட்டிய வண்டி நீராவியால் ஓடியது. நின்ற நிலையிலேயே முழு இழுவிசையைத் தரவல்ல நீராவி யந்திரத்துக்குப் பொதுவாகக் கியர்பாக்ஸ் தேவைப்படுவதில்லை. தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1912-இல் பஸ் விட்ட காலத்தையொட்டி வந்த பெட்ரோல் வண்டிகளுக்கோ கியர்பாக்ஸ் இன்றியமையாததாயிற்று. ஆயினும் அக்காலத்துப் பெட்டிகளில் பெரும்பாலும் நேர்ப்பற்கள் கொண்ட சக்கரங்களே தண்டின்மீது நழுவிச் சென்று கவ்வின. நேர்ப்பல் பக்கவாட்டில் தள்ளுவதில்லை. ஆகவே ஓட்டுநர் டபுள் கிளட்ச் போட்டுப் படாத பாடுபட்டாரேயன்றி, வாஷருக்கு அவ்வளவு வேலையில்லை.

எப்போதும் கவ்வியிருக்கும் சக்கரங்களும், சத்தத்தைக் குறைக்கச் சாய்வாக வெட்டிய பற்களும் பாரவண்டிகளில் பரவிய பிறகே நிலைமை மாறிற்று. பல் 20 பாகை சாய்ந்திருந்தால், சக்கரத்தைச் சுழற்றும் விசையில் ஏறத்தாழ 36 சதவீதத்துக்குச் சமமான ஒரு விசை தண்டின் நீளவாட்டில் சக்கரத்தைத் தள்ளும். பத்து டன் சரக்கேற்றிய லாரி மேட்டில் ஏறும்போது அத்தள்ளுதல் எவ்வளவு உக்கிரமாயிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அதைத் தாங்குவதற்காகவே எஃகு முதுகில் ஈய வெண்கலம் படியவைத்து, எண்ணெய் ஓடக் காடி வெட்டிய வாஷர்கள் வந்தன.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது கப்பல் வரத்து அருகி, பெட்ரோலுக்கும் பங்கீடு வந்து, பஸ்கள் கரிவாயுவில் ஓடிய அந்நாட்களில், சீமையிலிருந்து உதிரி பாகம் எதிர்பார்ப்பதில் பிரயோஜனம் இருக்கவில்லை. பட்டறைக்காரர்கள் கன்மெட்டல் கட்டியை லேத்தில் கடைந்து வாஷர் செய்துகொண்டார்கள். அவற்றில் சில நன்றாய் உழைத்தன. சில, அசல் வாஷரின் கடினமும் காடியும் இல்லாமையால், விரைவில் தேய்ந்தன. பற்றாக்குறை காலத்து இந்தச் சாமர்த்தியத்தை நான் மிகவும் மதிக்கிறேன். கண்ணளவை நம்பிக் கடைந்தவர்களே பின்பு மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்தார்கள் என்பதை அதைவிடவும் மதிக்கிறேன்.

அதற்கு வேளை 1950-களில் வந்தது. எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று பிறந்து, முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிவந்த நிறுவனம், லேலண்டோடு உடன்படிக்கை செய்துகொண்டு கோமெட் வண்டிகளைக் கொண்டுவந்து, 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. 1954-இல் ஜாம்ஷெட்பூரிலிருந்து டாடா பென்ஸ் லாரிகள் வெளிவரத் தொடங்கின. டிராம் 1953-இல் நின்றுபோன சென்னையில் ஜனங்களைச் சுமக்கும் பொறுப்பு பெரிதும் பஸ்களின்மேல் விழுந்தது. பழுதுபார்க்க வந்த வண்டிகளிலோ இரண்டு தேசங்களின் அளவைகள் இருந்தன: லேலண்ட் அங்குலத்தில் பேசியது, பென்ஸ் மில்லிமீட்டரில் பேசியது. நாடும் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது.

இதன் விளைவு சாமானியமானதல்ல. எட்டில் ஓர் அங்குலக் கனமுள்ள வாஷர் என்றால் 3.175 மில்லிமீட்டர். அது கிடைக்காமல் 3 மில்லிமீட்டர் வாஷரைப் போட்டுவிட்டால், கண்ணுக்குப் பேதமே தெரியாது; ஆனால் 0.175 மில்லிமீட்டர் ப்ளே, அதாவது பக்கவாட்டு இடைவெளி, கூடுதலாகிவிடும். இப்படிச் சேரும் ப்ளே மிகுந்தால் சக்கரம் முன்னும் பின்னும் அலைந்து, கவ்வும் பற்களின் முனையைத் தின்று, ஒருநாள் இறக்கத்தில் கியர் தானாகவே நழுவும். யந்திரத்தின் தடுப்பை நம்பி வண்டியை இறக்கிக்கொண்டிருந்த ஓட்டுநருக்குப் பிரேக் ஒன்றே கதியாகும். ப்ளேயை மிகக் குறைவாக வைத்தாலும் கேடுதான்: எண்ணெய் நுழைய இடமின்றி வெண்கலம் சூடேறி, நீலம் பாய்ந்து, தண்டோடு பற்றிக்கொள்ளும்.

ஆகையால் கைதேர்ந்த ஃபிட்டர் வாஷரைத் தேர்ந்தெடுக்கும் முறை பார்க்கத்தக்கது. தண்டை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, பேரிங்கும் சக்கரங்களும் தத்தம் இடத்தில் அமர்ந்தபின், டயல் கேஜின் முனையைச் சக்கரத்தின் பக்கத்தில் நிறுத்தி, நெம்புகோலால் முன்னும் பின்னும் தள்ளி முள் நகர்வதைப் படிக்கிறார். தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் அளவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு, அதற்கேற்ற கனமுள்ள வாஷரை எடுத்து, மைக்ரோமீட்டரால் ஒரே இடத்திலன்றி வட்டத்தின் பல இடங்களிலும் அளக்கிறார். பிறகு கண்ணாடிப் பலகைமீது வைத்து விரலால் அழுத்திப் பார்க்கிறார். ஆடினால் அது வளைந்தது. காடியுள்ள முகம் சக்கரத்தை நோக்கியிருக்க வேண்டும். வாஷரின் நாக்கு அதற்குரிய பள்ளத்தில் உட்கார வேண்டும். பேரிங்கை மாற்றினால் இவ்வளவையும் மறுபடி செய்ய வேண்டும், ஏனெனில் புதிய பேரிங் தண்டின் இருப்பையே சிறிது மாற்றிவிடும்.

1958-இல் கிண்டியிலும், பின்னர் அம்பத்தூரிலும் தொழிற்பேட்டைகள் எழுந்தபின் உதிரி பாகங்கள் இங்கேயே பெருகின. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதியதும், புதுப்பேட்டையில் பிரித்தெடுத்த பழையதும் கிடைத்தன. பழைய வாஷரில் எனக்குச் சம்மதமில்லை. ஒரு பெட்டியில் தேய்ந்த முகம் இன்னொரு பெட்டியின் சக்கரத்தோடு இணங்காது. அதில் மிச்சமாகும் பணம் கியர்பாக்ஸை இன்னொரு முறை இறக்கும் கூலிக்குக் காணாது.

பராமரிப்பில் மிகுதியும் அசட்டை செய்யப்படுவது எண்ணெய். கனமான பாரத்துக்கு உயர்ந்தது என்று கருதி, பின்னச்சுக்குரிய, கந்தகச் சேர்மானம் மிகுந்த எண்ணெயைக் கியர்பாக்ஸில் ஊற்றினால், அச்சேர்மானங்களுள் சில சூட்டில் வெண்கலத்தை அரித்துவிடும். வடிகால் திருகில் பொருத்திய காந்தமும் இதைக் காட்டிக்கொடுக்காது. அது எஃகுத் துகளைப் பிடிக்குமேயன்றி வெண்கலத்தைப் பிடிப்பதில்லை. எனவே அனுபவசாலிகள் வடித்த எண்ணெயை வெள்ளைத் துணியில் சிறிது விட்டு வெயிலில் பார்க்கிறார்கள். பொன்னிறத் துகள் மின்னினால், கியர் நழுவத் தொடங்கும்வரை காத்திராமல், பெட்டியை இறக்கி ப்ளேயை அளக்கிறார்கள்.