'இனம்' – ஒரு சொல்லின் பயணம்

'இனம்' என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. மெய்யெழுத்துகளை வல்லினம், மெல்லினம், இடையினம் என வகுத்தனர் இலக்கண நூலார். திருக்குறளின் 46-ஆம் அதிகாரமாகிய 'சிற்றினம் சேராமை'யில் அச்சொல் ஒருவன் கூடிப் பழகும் கூட்டத்தைச் சுட்டுகிறது. அங்கே இனம் என்பது தேர்ந்து சேர்தற்கும் விலகுதற்கும் உரியது; பிறப்பால் ஒட்டுவதன்று. குருதியையும் எலும்பையும் அச்சொல்லின்மேல் ஏற்றியது பிற்காலமே ஆகும்.

அம்மாற்றத்தை எண்ணிப் பார்ப்பதற்குத் திருப்பாலைவனத்தை அடுத்த பழவேற்காட்டு ஏரிக்கரை ஏற்ற இடமாகும். போர்த்துக்கீசியரும் ஒல்லாந்தரும் முஸ்லிம் வணிகரும், தமிழும் தெலுங்கும் பேசும் மக்களும் கலந்த துறைமுகம் அது. 1613-இல் எழுந்த கெல்திரியாக் கோட்டையில் தங்கிய ஒல்லாந்தர் துணியை மட்டும் ஏற்றுமதி செய்யவில்லை. பஞ்சத்தாலும் போராலும் நிலைகுலைந்த மக்களையும் அடிமைகளாக வாங்கிப் பத்தேவியாவுக்குக் கப்பலேற்றினர். அம்மக்களை விலைப்பொருளாக்கியவை பசியும் கடனும் போருமே. மனித விற்பனை முன்னே நடந்தது. அறிவியலின் பெயரால் இனக்கொள்கை பின்னே வந்தது.

முகலாய அவையில் மருத்துவராக இருந்த பெர்னியே என்னும் பிரெஞ்சுக்காரர், 1684-இல் உலக மக்களைத் தோற்றம் பற்றிச் சில இனங்களாகப் பகுத்தார். 1735-இல் லின்னேயஸ் நான்கென்றார்; 1795-இல் புளூமென்பாக் ஐந்தென்றார். எண்ணுவோர்தோறும் மாறும் எண் இயற்கையின் வரம்பாதல் எங்ஙனம்?

தென்னாட்டில் இக்கொள்கை மொழியாராய்ச்சியோடு பின்னியது. 1816-இல் எல்லிஸும் 1856-இல் கால்டுவெல்லும் நிறுவியது மொழிக்குடும்பம். ஆயினும் மொழியுறவு விரைவில் குருதியுறவாகப் படிக்கப்பட்டது. மொழியையும் உடலையும் ஒன்றாகக் குழப்பலாகாது என மாக்ஸ் முல்லர் 1888-இல் எச்சரித்தும் பயனில்லை. 1901-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை நடத்திய ரிஸ்லி, மூக்கின் அளவைக்கொண்டு மக்களைத் தரம் பிரிக்க முனைந்தார். சென்னை அருங்காட்சியகத் தலைவர் தர்ஸ்டன் தலையையும் மூக்கையும் அளந்தார். ரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் ஏழு தொகுதிகளை வெளியிட்டார். இவ்வேரியின் வடபகுதியில் வாழும் ஏனாதியரும் அவற்றுள் இடம்பெற்றனர். நீரையும் காட்டையும் கற்றறிந்த மக்கள் அளவுகோலின்முன் வெறும் எண்களாயினர்.

1950-இல் யுனெஸ்கோ அறிஞர்கள் இனத்தை உயிரியல் உண்மை என்பதினும் சமூகப் புனைவு என்பதே பொருந்தும் என அறிவித்தனர். மனித மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒவ்வொரு மக்கட்குழுவிற்குள்ளேயே அமைந்துள்ளதென 1972-இல் லெவான்டின் காட்டினார்.

எனினும் புனைவென்று தெளிந்த அளவில் அதன் வடு மறைவதில்லை. ஏரியில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் இன்று பட்டியல் பழங்குடியினராக ஏற்கப்பட்டிருப்பது குருதி கருதியன்று. நெடுங்காலப் புறக்கணிப்பை ஈடுசெய்தற் பொருட்டேயாம். இவ்விரண்டையும் வேறுபடுத்தி உணர்தல் இன்றியமையாதது.

'இனம்' என்று எழுதும் கவிஞரின் கையில் வள்ளுவர் கண்ட கூட்டமும் உள்ளது. தர்ஸ்டனின் அளவுகோலும் உள்ளது. எதனை எடுப்பது என்பதைச் சொல்லன்று, எழுதுவோரே முடிவு செய்கின்றனர்.