கண்ணாடிச் சாடியிற் கிடந்த நோய்

1787ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஜோன் ஹண்டர் என்னும் சத்திரசிகிச்சை வைத்தியர், 35 வயதினர் ஒருவரின் தாடையருகே வளர்ந்த கட்டியை வெட்டியகற்றினார். அதன் ஒரு பகுதி வெண்மையாகவும், மற்றொரு பகுதி கறுத்து மென்மையாகவும் இருந்தது. அதன் இயல்பை அறியாமலே அவர் அதனைச் சாடியிலிட்டுப் பேணினார். 1968இல் மீண்டும் ஆராய்ந்தபோதுதான், அது மெலனோமா என்னும் தோற்புற்றுநோய் என்பது உறுதியாயிற்று.

இதற்கிடையே அறிவு மெல்ல வளர்ந்தது. இந்நோய் சில குடும்பங்களிற் தொடர்வதை இங்கிலாந்து வைத்தியர் வில்லியம் நொறிஸ் உணர்ந்தார். 1956இல் அவுஸ்திரேலியரான லங்காஸ்டர், வெயில் கடுமையான பிரதேசங்களில் வெண்ணிறத்தோர் இதனால் மிகுதியாக இறப்பதைக் காட்டினார். சட்டை, தொப்பி, களிம்பு ஆகியவற்றால் உடலைக் காக்குமாறு அந்நாட்டில் 1981இல் பிரசாரம் எழுந்தது.

1970இல் பிறெஸ்லோ என்பார், கட்டியின் தடிப்பை மில்லிமீற்றரில் அளந்தால் நோயாளியின் கதியை அறியலாமென நிறுவினார். மெல்லியதாக இருக்கையில் வெட்டியகற்றின் பெரும்பாலும் குணமாகும். பரவியபின் குணமாக்குவது கடினம். 2011 முதல் வந்த புதிய மருந்துகள் பலரின் ஆயுளை நீட்டியபோதிலும் எல்லோரையும் காப்பதில்லை.

நேயர்களே, கரிய தோலுடைய நம்மவரிடையே இந்நோய் அரிது. வருங்கால் பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்காலிலோ நகத்தின் கீழோ தோன்றும். முள் தைத்த வடுவென எண்ணிக் காலங்கடத்துவோர் பலர். வடிவம், விளிம்பு, நிறம், அளவு மாறிவரும் கரும்புள்ளியை உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். ஹண்டரின் சாடி 181 ஆண்டுகள் காத்திருந்தது. உடலிலுள்ள நோய் காத்திராது.