ஒப்புக்குச் சப்பாணியும் மூன்று பகடைகளும்

தங்கா பத்து பக்கம் லயத்துப் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும்போது சின்னத் தம்பி ஒருவன் அழுதுகொண்டு வந்து நிற்பான். “சரி வாடா, நீ ஒப்புக்குச் சப்பாணி.” அவன் பிடிபட்டாலும் கணக்கில்லை, தப்பித்தாலும் கணக்கில்லை. (ஊனத்தைச் சொல்லும் வார்த்தையை இவ்வளவு லேசாகப் புழங்கினோம் என்பது தனிக்கதை.)

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடும் விளையாட்டுகளில் வேறொரு சப்பாணி உண்டு. அவன் வேண்டுமென்றே பலவீனமானவன்.

ஆரம்பத்தில் அப்படியில்லை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் வெளிவந்தபோது பலவீனம் தலையெழுத்துதான். வலிமை, அறிவு என ஆறு குணங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பகடையை உருட்டிக் கூட்ட வேண்டும். 18 விழ 216இல் ஒரு வாய்ப்பு. நோஞ்சான் விழுந்தால் நோஞ்சானோடு போக வேண்டியதுதான். ஆட்டக்காரர்களுக்கு இது கசந்திருக்க வேண்டும். 1979இல் வந்த நடத்துநர் கையேடு, நான்கு பகடை உருட்டிச் சிறியதைத் தள்ளிவிடும் வழியைத் தந்தது.

பிறகு பலவீனம் சில்லறையானது. ‘சாம்பியன்ஸ்’ (1981), ‘கர்ப்ஸ்’ (1986) ஆட்டங்களில் குறை ஒன்றை ஏற்றால் புள்ளிகள் கிடைக்கும். ஒரு கண்ணை விற்று வாள்வீச்சு வாங்கலாம். இதைப் பலவீனம் என்று நான் சொல்ல மாட்டேன், வியாபாரம்.

அதே 1981இல் சாண்டி பீட்டர்சனின் ‘கால் ஆஃப் கதுலு’ வந்தது. அதில் பேராசிரியர், பத்திரிகையாளர் மாதிரியான சாதாரண ஆட்கள். எதிரே வருவதை அவர்களால் அடித்து ஜெயிக்க முடியாது; பார்த்தாலே புத்தி பேதலிக்கும். ஆனால் அங்கே எல்லாருமே பலவீனர்கள், அதனால் சண்டை இல்லை.

நாலு வீரர்களுக்கு நடுவே ஒருத்தர் மட்டும் நோஞ்சானைத் தேர்ந்தால்தான் சிக்கல். லயத்தில் கூட்டம் முடிவு செய்தது, கூட்டமே மன்னித்தது. இங்கே ஒருத்தர் முடிவு செய்கிறார், கூட்டம் விலை கொடுக்கிறது. அவரைக் காப்பாற்றப் போய் இன்னொருவரின் பாத்திரம் சாகும். சொல்லாமல் செய்தால் அது சுயநலம் என்பேன்.

எங்கள் மேசையில் ஒரு தோழி முதல் நாளே கேட்டாள்: “வலிமை 6 உள்ள சமையல்காரப் பாட்டியா வரேன், ஓகேவா?” சரி என்றோம். அம்பு அவளுக்காக மெதுவாக வராது என்றும் பேசிக்கொண்டோம். மூன்றாம் வாரம் பாலம் ஒன்றில் பாட்டி தடுக்கி விழுந்தாள். தூக்கி வந்த தங்கப் பெட்டியை ஆற்றில் போட்டுவிட்டு அவளைச் சுமந்தோம்.