பெட்டிக்குக் கொடுத்த காசு

2022 ஜூலை 1 நிலவரப்படி மத்திய அரசு நாடாளுமன்றத்தில் ஒரு கணக்கு கொடுத்தது. ஃபேம் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் அனுமதிக்கப்பட்ட மின்வாகன சார்ஜிங் நிலையங்கள் 2,877. நகரங்கள் 68. அதில் உண்மையில் நிறுவப்பட்டிருந்தவை 50. எழுத்துப்பிழை இல்லைங்க, ஐம்பதேதான். திட்டம் தொடங்கியது 2019 ஏப்ரலில். சார்ஜிங் வசதிக்கு என்று தனியாக எடுத்து வைத்த தொகை 1,000 கோடி ரூபாய். காசு இருக்கு, ஆணை இருக்கு, பெட்டியைத்தான் காணோம்.

நடுவில் கொரோனா வந்தது, அதையும் கணக்கில் எடுக்கணும். ஆனால் அது மட்டும் காரணம் என்றால் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன். எந்தப் பொருளுக்கு மானியம் கொடுத்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்ற இரண்டு கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் கதை வேறு மாதிரி தெரிகிறது.

ரொம்பப் பின்னாடி போவோம். 1910-களில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஒரு மின்சாரக் கம்பெனி. அன்றைக்கு மின்சார லாரிகள் நிறைய ஓடின. அவற்றின் பேட்டரி விலைதான் வாங்குபவரைப் பயமுறுத்தியது. கம்பெனி என்ன செய்தது? லாரியை பேட்டரி இல்லாமல் வாங்கிக்கொள், பேட்டரி எங்களுடையது, தீர்ந்தால் மாற்றித் தருகிறோம், ஓடிய மைலுக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் கொடு என்றது. 1924 வரை இது நடந்தது. இன்றைக்கு பேட்டரி ஸ்வாப்பிங் என்று புதுசு போலப் பேசுகிறோமே, அதேதான். கம்பெனிக்கு வருமானம் வண்டி ஓடினால்தான். அதனால் வண்டியை ஓடவைக்கும் அக்கறை கம்பெனிக்கே இருந்தது.

நம்ம ஊர்க் கதை 2010-ல் தொடங்குகிறது. புதுப்பிக்கத்தக்க ஆற்றல் அமைச்சகம் 95 கோடி ரூபாயில் ஒரு திட்டம் போட்டது. மின்வாகனத்தின் தொழிற்சாலை விலையில் 20% வரை தள்ளுபடி, காருக்கு உச்சவரம்பு ஒரு லட்சம். 2012 மார்ச்சோடு திட்டம் முடிந்தது, விற்பனையும் படுத்துவிட்டது. அதில் மானியம் வண்டிக்குத்தான். சார்ஜ் போடும் இடம் வாங்குபவர் பாடு.

2015-ல் ஃபேம் முதல் கட்டம் வந்தது. சார்ஜிங் நிலையத்துக்கும் காசு கொடுக்கலாம் என்ற எண்ணம் அப்போதுதான் உருவானது. எந்த மாதிரி சார்ஜர்? இந்தியாவுக்கு என்று 2017-ல் இரண்டு தரம் வகுத்தார்கள். பாரத் ஏசி-001 என்பதில் 3.3 கிலோவாட் சாக்கெட் மூன்று. பாரத் டிசி-001 என்பது 15 கிலோவாட். அன்றைக்கு இது சரியான முடிவுதான். சாலையில் இருந்தவை மஹிந்திரா இ-வெரிட்டோ மாதிரி வண்டிகள். ஒரு சார்ஜில் 110 கிலோமீட்டர், பேட்டரி மின்னழுத்தமும் குறைவு. அரசு அலுவலகங்களுக்காக 2017-ல் இ.இ.எஸ்.எல். நிறுவனம் 10,000 கார்களுக்கு டெண்டர் விட்டதே, அதில் வந்த டிகோரும் இந்த ரகம்தான்.

2018-ல் இரண்டு முக்கியமான விஷயம் நடந்தது. முதலாவது ஏப்ரல் 13. காருக்குச் சார்ஜ் போட்டுக் காசு வாங்குவது மின்சார விற்பனை ஆகாது, அது ஒரு சேவை, எனவே மின்சாரச் சட்டம் 2003-ன் கீழ் உரிமம் தேவையில்லை என்று மின் அமைச்சகம் விளக்கம் கொடுத்தது. ஒரு பைசா செலவில்லாத இந்த ஒரு கடிதம், என் கணக்கில், பின்னால் வந்த பல கோடி மானியத்தைவிடப் பெரிய ஊக்கத்தொகை. இரண்டாவது டிசம்பர் 14 வழிகாட்டுதல். நகரத்தில் 3 கிலோமீட்டருக்கு 3 கிலோமீட்டர் கட்டம் போட்டு ஒவ்வொன்றிலும் ஒரு நிலையம், நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒன்று. கூடவே ஒரு நிபந்தனை: பொது நிலையம் என்றால் சி.சி.எஸ்., சாடெமோ, டைப்-2 ஏசி, பாரத் டிசி, பாரத் ஏசி என ஐந்து ரகமும் இருக்கணும். டீக்கடை வைக்க வந்தவனிடம் ஃபில்டர் காபி மெஷினும் சேர்த்து வாங்கு என்று சொன்ன கதை. 2019 அக்டோபரில் இதைத் தளர்த்தி, எந்த ரகம் வேண்டுமோ வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் சார்ஜர் மீதான ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5% ஆனது.

2020 ஜனவரியில் இரண்டும் ஒரே மாதத்தில் நடந்தன. ஃபேம் இரண்டாம் கட்டத்தில் 2,636 நிலையங்கள் அறிவிக்கப்பட்டன, தமிழ்நாட்டுக்கு 256. அதே மாதம் டாடா நெக்ஸான் இ.வி. சந்தைக்கு வந்தது. ஆராய் கணக்கில் 312 கிலோமீட்டர், சி.சி.எஸ்.-2 சாக்கெட். பாரத் டிசி-001 பெட்டியின் பிளக் அதில் பொருந்தவே பொருந்தாது. சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இது பழகின கதை. டெண்டர் எழுதும்போது இருந்த வெர்ஷன் வேறு, டெலிவரி ஆகும்போது இருக்கிற வெர்ஷன் வேறு.

சரி, பெட்டி பழசானது ஒரு பிரச்சினை. பெட்டிக்குக் கீழே இருப்பது அதைவிடப் பெரிய பிரச்சினை.

புதுப்பட்டினத்தை எடுத்துக்கொள்வோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் ஏறக்குறைய பாதி வழி. பக்கத்திலேயே கல்பாக்கம் குடியிருப்பு. அந்தப் பக்கம் கடற்கரையில் அணுமின் நிலையம், அதன் இரண்டு உலைகள் 1984-லும் 1986-லும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. வெளியூர் ஆட்கள் "உங்களுக்கென்ன சார், கரண்ட் பக்கத்துலயே இருக்கு" என்பார்கள். அந்த மின்சாரம் உயரழுத்தக் கம்பியில் தலைக்கு மேலே போய்விடும். கடைத்தெருவுக்குத் தேவை அந்தத் தெருவின் டிரான்ஸ்ஃபார்மரில் மிச்சம் இருக்கும் மின்பளு.

இங்கே ரோட்டோரம் லாட்ஜ் வைத்திருக்கும் ஓர் அண்ணன் போன வருஷம் கேட்டார். "தம்பி, சார்ஜர் வைக்க கவர்மெண்ட்ல பாதிக்கு மேல தர்றாங்களாமே, ஒண்ணு போட்டுரலாமா?" இருவரும் அவருடைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். 60 கிலோவாட் வேகமான சார்ஜர் ஒன்று. ஒரு நாளைக்கு இரண்டு கார், தலா 20 யூனிட் என்று வைத்துக்கொண்டால் மாதம் 1,200 யூனிட். யூனிட்டுக்கு 5 ரூபாய் நிற்கிறது என்றால் 6,000 ரூபாய். இப்போது இன்னொரு பக்கம். கார் வந்தாலும் வராட்டியும் மின்பளுவுக்கு நிலைக்கட்டணம் உண்டு. கிலோவாட்டுக்கு 100 ரூபாய் என்று வைத்தால் அதுவும் 6,000. போட்டதும் எடுத்ததும் சரி. வாடகை, வாட்ச்மேன், ரிப்பேர், கடன் வட்டி இன்னும் கணக்கில் வரவில்லை. பெட்டியைச் சும்மாவே கொடுத்தாலும் இந்த இரண்டு வரி மாறாது. 60 கிலோவாட் நாள் முழுக்க ஓடினால் 1,440 யூனிட் கொடுக்கும், இவர் விற்பது 40. அதாவது 3 சதவீதம்கூட இல்லை.

அண்ணன் சும்மா விடவில்லை. "சனி ஞாயிறு பாண்டிச்சேரி வண்டி எவ்ளோ போவுது தெரியுமா?" போகிறது. ஆனால் சென்னையிலிருந்து புதுச்சேரி சுமார் 150 கிலோமீட்டர்தான். 110 கிலோமீட்டர் ஓடும் இ-வெரிட்டோ காலத்தில் பாதி வழியில் நின்றே ஆகணும். 25 கிலோமீட்டர் விதி எழுதப்பட்டதும் அந்தக் காலத்தில்தான். இன்றைய வண்டி புதுப்பட்டினத்தில் சாப்பாட்டுக்கு நின்றால் உண்டு, சார்ஜுக்கு நிற்க அவசியமில்லை. ராத்திரி தங்குகிறவர்களுக்கு மெதுவான ஏசி சார்ஜர் இரண்டு போதும் என்றேன். அவருக்கு அதில் பெரிய சந்தோஷம் இல்லை. பெரிய பெட்டி என்றால்தான் ரோட்டிலிருந்து தெரியுமாம்! விளம்பரமாகப் பார்த்தால் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கு.

மானியம் பெட்டிக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பாடம் உண்டு. 2009 பொருளாதார மீட்பு நிதியிலிருந்து இகோடாலிட்டி என்ற கம்பெனிக்குச் சுமார் 10 கோடி டாலர் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கில் சார்ஜர் நட்டார்கள். 2013-ல் கம்பெனி திவால். அதன் பிளிங்க் சார்ஜர் வலையமைப்பு ஏலத்தில் போன விலை 33 லட்சம் டாலர். நார்வே 2009-ல் ஒரு முனைக்கு 30,000 குரோனர் வரை கொடுத்து சுமார் 1,800 சாதாரண சாக்கெட்டுகளை வைத்தது, அவையும் சீக்கிரமே பழசாகின. 2015-ல் முறையை மாற்றி, முக்கியச் சாலைகளில் 50 கிலோமீட்டருக்கு ஒரு வேக சார்ஜர் என்று ஏலம் விட்டார்கள். கலிஃபோர்னியா 2019 முதல் வேறொன்று செய்தது. விற்ற யூனிட்டுக்கு மட்டுமின்றி, வேக சார்ஜர் காத்துக்கிடக்கும் திறனுக்கும் சில ஆண்டுகள்வரை வரவு வைத்தது. அண்ணனுடைய 6,000 ரூபாய் ஓட்டையை அடைக்கிற மருந்து அதுதான்.

இவ்வளவு தூரம் போகவே வேண்டாம். எஸ்.டி.டி. பூத் ஞாபகம் இருக்கா? மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கதவு, உள்ளே சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர். 1980-களின் கடைசியில் தொடங்கி பத்தே வருஷத்தில் எல்லா ஊர் பஸ் ஸ்டாண்டிலும் வந்துவிட்டது. அரசு பூத்துக்காரருக்குக் கட்டடம் கட்டித் தரவில்லை. லைனைக் கடைவரை கொண்டுவந்து கொடுத்தது, பேசின பேச்சுக்குக் கமிஷன் கொடுத்தது, ஒதுக்கீட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை தந்தது. கேபிள் செலவு தொலைபேசித் துறையுடையது, கடையைத் திறந்து வைப்பது கடைக்காரர் வேலை. ஒரு சின்ன ஆள் நேரடியாக உள்ளே வர முடிந்தது.

ஃபேமில் அந்தக் கதவு இல்லை. 2019-ல் விண்ணப்பம் கேட்டது மாநில அரசுகள், நகராட்சிகள், பொதுத்துறை நிறுவனங்களிடம். 2023 மார்ச்சில் 800 கோடி ரூபாயை மூன்று எண்ணெய் நிறுவனங்களுக்கு 7,432 நிலையங்களுக்காகக் கொடுத்தார்கள். நிலையத்துக்குச் சராசரி பத்தே முக்கால் லட்சம். பெட்ரோல் பங்க்கில் இடம் இருக்கு, கழிப்பறை இருக்கு, ஆள் இருக்கு. நிர்வாகத்துக்கு எளிது என்பதை மறுக்க முடியாது. அதே ஆண்டு பிப்ரவரியில் வந்த தமிழ்நாட்டின் மின்வாகனக் கொள்கை முன்னோடி நகரங்களாகத் தேர்ந்தெடுத்தது சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி. புதுப்பட்டினம் மாதிரி சாலையோர ஊர்கள் அந்தப் பட்டியலில் வர வாய்ப்பே இல்லை.

2024 அக்டோபரில் அமலுக்கு வந்த பி.எம். இ-டிரைவில் ஒரு நல்ல மாற்றம் தெரிகிறது. 2,000 கோடி ரூபாய், 72,300 சார்ஜர்கள். 2025 செப்டம்பரில் வந்த வழிகாட்டுதலில் டிரான்ஸ்ஃபார்மர், கேபிள் முதலான மேல்நிலைச் செலவுக்கு இடத்தைப் பொறுத்து 80 முதல் 100% வரை என்று தனியாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். பல இடங்களில் மானியம் அதற்கு மட்டும்தான், பெட்டியை வைப்பவரே வாங்கிக்கொள்ளணும். பெட்டி ஐந்து வருஷத்தில் பழசாகும், பூமிக்கடியில் போட்ட கேபிள் அடுத்த பெட்டிக்கும் உதவும். இதற்காகப் பத்து வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதுதான் வருத்தம். ஆனால் நிலைக்கட்டணத்தை இது தொடவில்லை. விண்ணப்பிக்கும் தகுதியும் அமைச்சகங்கள், மாநில அரசுகள், பொதுத்துறை நிறுவனங்களுக்குத்தான்.

அந்த 72,300-ல் 48,400 இரண்டு, மூன்று சக்கர வண்டிகளுக்கு உரியவை. டெல்லி 2020 கொள்கையில் முதல் 30,000 சார்ஜிங் முனைகளுக்குத் தலா 6,000 ரூபாய் வரை கொடுத்தது, தனி ஆளும் வாங்கலாம். கேரள மின்வாரியம் ஆட்டோவுக்கும் ஸ்கூட்டருக்கும் தெருக் கம்பத்திலேயே சார்ஜரைக் கட்டிவிட்டது. கம்பம் ஏற்கெனவே இருக்கு, லைனும் இருக்கு. புதுப்பட்டினம் பஸ் ஸ்டாப்பில் நிற்கும் ஷேர் ஆட்டோக்காரருக்கு 60 கிலோவாட் தேவையில்லை. மதியம் சாப்பிடப் போகும் ஒரு மணி நேரத்தில் வண்டியைச் செருகி வைக்க, நிழலில், பூட்டோடு ஒரு சாக்கெட் கிடைத்தால் போதும்.