லாகூரிலிருந்து கிண்டி வரை



வளாகத்தில் கருத்துரிமை என்றதும் நாம் 1936இலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் தன் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அண்ணல் அம்பேத்கரை அழைத்தது. உரையை முன்கூட்டியே படித்தவர்கள் சில பகுதிகளை நீக்கச் சொன்னார்கள். அண்ணல் மறுத்தார், மாநாடே நடக்கவில்லை. அவர் உரையைத் தாமே அச்சிட்டார். பெரியாரின் ‘குடிஅரசு’ அதைத் தமிழில் வெளியிட்டது. மேடை மறுக்கப்பட்ட அந்த உரைதான் ‘சாதி ஒழிப்பு’.

அந்த இருவரின் பெயரால் 2014 ஏப்ரல் 14 அன்று சென்னை ஐஐடி மாணவர்கள் படிப்பு வட்டம் தொடங்கினார்கள். சாதியையும் இந்தித் திணிப்பையும் தொழிலாளர் சட்டத் திருத்தங்களையும் விவாதித்தார்கள். மறு ஆண்டு, பெயரில்லாத புகார் ஒன்று மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்துக்குப் போனது. அமைச்சகம் ஐஐடியிடம் கருத்துக் கேட்டது. 2015 மே 22 அன்று வட்டத்தின் அங்கீகாரம் ரத்தானது. தங்கள் தரப்பைக் கேட்கவே இல்லை என்றார்கள் மாணவர்கள். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. ஜூன் 7 அன்று அங்கீகாரம் திரும்பியது.

ஹைதராபாத்தில் அப்படி முடியவில்லை. ஏபிவிபியுடனான மோதலை ஒட்டி, அம்பேத்கர் மாணவர் சங்கத்தின் ஐந்து தலித் ஆய்வு மாணவர்கள் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். திறந்தவெளியில் கூடாரம் போட்டு, அதற்கு ‘வெலிவாடா’ என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் அது சேரி. ஊரின் ஒதுக்கல் பல்கலைக்கழகத்துக்குள்ளும் வந்துவிட்டதை அந்த ஒரு சொல் சொல்லிவிட்டது. 2016 ஜனவரி 17 அன்று ரோஹித் வெமுலாவை இழந்தோம்.

அரசமைப்பின் 19(1)(அ) பேச்சுரிமையைத் தருகிறது. வன்முறை வரும் என்ற மிரட்டலைக் காட்டி அரசு பேச்சைத் தடுக்கக் கூடாது என்று 1989இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கு எதைப் பற்றியது? சாதிவழி இடஒதுக்கீட்டை விமர்சித்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தைப் பற்றியது. நமக்கு எதிரான பேச்சைக் காத்த தீர்ப்பு நம் பேச்சையும் காக்க வேண்டும். அதை விட்டுக்கொடுத்தால் முதலில் அடைபடுவது நம் வாய்தான்.

இந்தப் பழனி மலையில், கொடைக்கானலில், 1984 முதல் பெண்களுக்கென ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. பளியர், புலையர் குடிகளிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பெண்ணுக்கு விடுதியும் உதவித்தொகையும் போனால் படிப்பே போய்விடும். அவள் வாயை அடைக்கத் தடையாணை தேவையில்லை. விடுதி அறையின் சாவியைக் கேட்டாலே போதும்.

ஆகவே எந்த வளாகமானாலும் நம் கோரிக்கைகள் மூன்று: பெயரில்லாப் புகாரின் பேரில் நடவடிக்கை கூடாது. மாணவர் தரப்பைக் கேட்டு, காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கருத்துக்குத் தண்டனையாக விடுதியிலும் உதவித்தொகையிலும் கை வைக்கக் கூடாது.