செகண்ட் ஹேண்ட் 4 வீல் டிரைவ் பிக்அப்பில் 'கடகட' சத்தமா? எப்போது கேட்கிறது என்பதை வைத்தே கோளாறைக் கண்டுபிடிக்கலாம்!

செகண்ட் ஹேண்ட் பிக்அப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கவனிப்பது என்ஜின், டயர், பாடி. புகை இல்லை, ஏசி வேலை செய்யுது என்றால் அட்வான்ஸ் கைமாறிவிடும். 4 வீல் டிரைவ் லிவரைத் தொட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. முதல் மழையில் சேற்றில் சிக்கி, லிவரைப் போட்ட பிறகுதான் வண்டிக்கு அடியில் இருந்து 'கடகட' சத்தம் கேட்கும்.

"டிரான்ஸ்ஃபர் கேஸ் போச்சு, மொத்தமா இறக்கணும்" என்று ஒரு ஷாப்பில் சொல்லலாம். ஆனால் தேய்ந்திருப்பது கைக்கு அடக்கமான ஒரு கிராஸ் ஜாயின்ட்டாக இருக்கலாம். கோளாறே இல்லாமலும் இருக்கலாம். சத்தம் எப்படி இருக்கிறது என்பதோடு, எப்போது வருகிறது என்பதையும் கவனித்தால் வீண் செலவைத் தவிர்க்கலாம்.

திருவள்ளூருக்கும் இந்த வண்டிகளுக்கும் என்ன தொடர்பு?

மிட்சுபிஷி பஜேரோ, திருவள்ளூரில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில்தான் அசெம்பிள் செய்யப்பட்டது. இசுசு டி-மேக்ஸ் பிக்அப்பும் தொடக்கத்தில் அங்கேதான் தயாரானது. பிறகு 2016-ல், கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஸ்ரீசிட்டியில் இசுசு சொந்த ஆலையைத் திறந்தது. அதே ஆண்டு 4 வீல் டிரைவ் கொண்ட வி-கிராஸ் விற்பனைக்கு வந்தது. மஹிந்திரா பொலிரோ கேம்பர், ஸ்கார்ப்பியோ கெட்அவே, டாடா ஸெனான் ஆகியவற்றிலும் 4 வீல் டிரைவ் மாடல்கள் உண்டு. இவை 'பார்ட் டைம்' வகை. அதாவது சாதாரணமாகப் பின் சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். தேவைப்படும்போது முன் சக்கரங்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தார் ரோட்டில் 4எச் போட்டால் சத்தம் வரத்தான் செய்யும்

வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் சுற்றும். பார்ட் டைம் வண்டியில் 4எச் போட்டால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டப்பட்டுவிடும். சேறு, மணல் என்றால் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமில்லை. ஷாஃப்ட்டும் கியரும் முறுக்கிக்கொள்ளும். ஸ்டீயரிங் கனமாகும், 'டக் டக்' என்று உதறும், சில நேரம் லிவர் 2எச்-க்குத் திரும்பவே வராது.

இது கோளாறு இல்லை. கொஞ்ச தூரம் நேராக ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு விடுபடும். ஆனால் பழைய ஓனர் இப்படியே தார் ரோட்டில் ஓட்டிப் பழகியிருந்தால், டிரான்ஸ்ஃபர் கேஸ் செயினும் ஜாயின்ட்டுகளும் சீக்கிரமே தேய்ந்திருக்கும். நான்கு டயரும் ஒரே சைஸில், ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். இரண்டு புதுசு, இரண்டு மொட்டை என்றால் நேராகப் போகும்போதே முறுக்கு விழும்.

எந்தச் சத்தம், எந்தப் பாகம்?

ஆளில்லாத மண் தரையில் முதலில் 2எச், பிறகு 4எச், கடைசியில் மெதுவாக 4எல் என்று ஓட்டிப் பார்க்கவும். கண்ணாடியை இறக்கி, பாட்டை நிறுத்திவிட வேண்டும்.

• வண்டி கிளம்பும்போதும், முன் கியரில் இருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போதும் ஒரே ஒரு 'டங்': புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயின்ட் தேய்ந்திருக்கலாம். கிரீஸ் இல்லாமல் காய்ந்திருந்தாலும் இதே சத்தம் வரும். வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஷாஃப்ட்டைக் கையால் அசைத்தால் ஆட்டம் தெரியும். முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

• ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பும்போது 'டிக் டிக் டிக்': முன் ஆக்சிலின் சிவி ஜாயின்ட். அதன் ரப்பர் பூட் கிழிந்து, சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருந்தால் சந்தேகம் உறுதி.

• வேகம் கூடக் கூட 'ம்ம்ம்' என்ற இரைச்சல்: வீல் பேரிங் அல்லது டயர். லேசாக இடது, வலது என்று வளைத்து ஓட்டும்போது சத்தம் கூடிக் குறைந்தால் பேரிங். ரோடு மாறும்போது சத்தமும் மாறினால் பெரும்பாலும் டயர்.

• ஆக்சிலேட்டர் மிதித்தால் ஒரு மாதிரி, காலை எடுத்தால் வேறு மாதிரி ஊளை: டிஃபரன்ஷியலில் கிரவுன், பினியன் தேய்மானம். இது பெரிய செலவு.

• 4 வீல் டிரைவில் மட்டும், லோடு ஏறும்போது 'கடகட' என்று தாவுவது போன்ற சத்தம்: டிரான்ஸ்ஃபர் கேஸ் செயின் நீண்டிருக்கலாம். முன் ஷாஃப்ட், முன் டிஃபரன்ஷியலையும் பார்க்க வேண்டும்.

• லிவர் அல்லது ஸ்விட்ச் போட்டதும் 'கர்ர்' என்று அரைத்தல்: முன் ஆக்சிலை இணைக்கும் அமைப்பு முழுசாகப் பூட்டவில்லை. வாக்யூமில் இயங்கும் மாடல் என்றால் ஒரு ஹோஸ் வெடித்திருந்தாலே இப்படி ஆகலாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் திருவள்ளூர் மாவட்டத்தின் பல பகுதிகள் தண்ணீரில் மூழ்கின. ஓடிச் சூடான ஆக்சில் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். பிரீதர் குழாய், சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். இது கியர் ஆயிலோடு கலந்தால் பால் ஊற்றிய காபி நிறம் வரும். பேரிங் துருப்பிடிக்கும், சத்தம் சில மாதம் கழித்துத்தான் வெளியே தெரியும். பழவேற்காடு பக்கம் உப்புத் தண்ணீரில் இறங்கிய வண்டி என்றால் இன்னும் கூடுதல் கவனம் தேவை.

எனவே பணம் கொடுப்பதற்கு முன் முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றிலும் ஆயிலைத் திறந்து பார்க்கச் சொல்லவும். பளபளப்பான மெல்லிய தூள் கொஞ்சம் இருப்பது சகஜம். இரும்புச் சில்லு இருந்தால் வண்டியை விட்டுவிடலாம்.

சத்தத்தை மறைக்கும் தந்திரம்

கெட்டியான ஆயில் ஊற்றினால் தேய்ந்த கியரின் சத்தம் கொஞ்ச நேரம் அமுங்கும். ஆயில் சூடாகி இளகினால் மறுபடி வந்துவிடும். அதனால் தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பக் கூடாது. குறைந்தது 20 நிமிடமாவது ஓட்டிய பிறகே முடிவு செய்ய வேண்டும்.

எப்போது உடனே நிறுத்த வேண்டும்?

வேகம் கூடும்போது தரை அதிர்ந்தாலோ, சத்தத்தோடு சக்கரப் பக்கம் சூடு, கருகல் வாடை வந்தாலோ வண்டியை ஓரங்கட்டிவிட வேண்டும். கிராஸ் ஜாயின்ட் உடைந்து முன் ஷாஃப்ட்டின் முனை ரோட்டில் குத்தினால் வண்டி கட்டுப்பாட்டை இழக்கும். பின்னால் கன்டெய்னர் லாரிகள் வரும் சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில் அது உயிருக்கே ஆபத்து.

இன்னொரு எச்சரிக்கை: ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, 4 வீல் டிரைவில் கியர் போட்டுச் சுழற்றிப் பார்க்கக் கூடாது. தரையில் இருக்கும் மற்ற சக்கரங்கள் வண்டியைப் பாய வைத்துவிடும். சத்தம் எந்த வேகத்தில், எந்த கியரில், திரும்பும்போதா நேராகப் போகும்போதா என்று செல்போனில் பதிவு செய்துகொண்டு மெக்கானிக்கிடம் போனால் போதும். கழற்ற வேண்டியது எது என்பது அங்கேயே பாதி முடிவாகிவிடும்.